புலிக்கு இடம் போதவில்லை

செல்வாம்பாளின் சமையலறையில் பெயரில்லாத டப்பா கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அங்கிருந்து வந்த பழக்கம். வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, கடுகு, வெந்தயம், மல்லித்தூள் என்று எழுதி ஒட்டிவிடுவார். வார்டில் பெயர் எழுதாத பாட்டிலை யாரும் தொடக்கூடாது; வீட்டிலும் அதே சட்டம். இப்படிக் கண்டதற்கெல்லாம் பெயர் ஒட்டும் அம்மாள், கணவர் பெயரை மட்டும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவார்.

கணவர் தணிகாசலத்துக்கு மின்துறையில் வேலை, நெல்லித்தோப்பில் வீடு, கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். கல்யாணமான புதிதில், எண்பத்தேழில், அவருடைய பெரியப்பா மகன் ராஜாங்கம் பாரிசிலிருந்து லீவுக்கு வந்தபோது, வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றையும் அதற்கென்றே ஒரு குட்டி டிவியையும் கொடுத்துவிட்டுப் போனார். பிரெஞ்சுக்காரர்களின் கீபோர்டு அது. ஊர் உலகத்தில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். அதில் பழகிய விரல்களோடு தணிகாசலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெட்டியில் அவர் ஆடுபுலி ஆட்டம் எழுதினார். மூன்று புலி கம்ப்யூட்டருக்கு, பதினைந்து ஆடு மனுஷருக்கு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கும். முகப்பில் ஒரு புலிமுகம், அதன் கீழே தமிழில் தணிகாசலம் என்ற பெயர், எல்லாம் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தது. அதற்கே ஒரு கோடைக்காலம் போயிற்று. வந்தவர்கள் எல்லாரும் முகப்பைத்தான் மெச்சினார்கள். ஆட்டத்தை மெச்சுவதற்கு வழியில்லை.

புலி எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பாயும். செல்வாம்பாள் ஓரத்தில் ஒரே ஒரு ஆட்டைக் காட்டுவார். புலி அதைத் தாவி வெட்டிவிட்டு மூலையில் போய் விழும். மற்ற ஆடுகள் வந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். அடுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாயும்படி எழுதலாம் என்றால் பெட்டியில் இடம் கிடையாது. மொத்த நினைவகமே முப்பத்திரண்டு கிலோபைட். இப்போது செல்போனில் எடுக்கிற ஒரு படத்துக்குக்கூடக் காணாது. பிறகு மகள் சரிதா பிறந்தாள், பெட்டி பரணுக்குப் போனது.

இரண்டாயிரத்து ஏழு பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அது கீழே இறங்கியது. தூசி தட்டிக்கொண்டே செல்வாம்பாள் கேட்டார்.

"ஏங்க, இந்தப் பொட்டி எங்கிட்ட ஒரு வாட்டியாவது ஜெயிச்சிருக்கா?"

அவர் சும்மாதான் கேட்டார். தணிகாசலத்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு முறை இவளை ஜெயித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மின்துறைக்காரருக்குக் கரண்ட் பக்கம் சரிபார்ப்பது பெரிய காரியமில்லை. ஆட்டத்தைப் பதிந்துவைத்த கேசட்டை ஓட்டும் டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டுக் கொடுத்தவர் பக்கத்துத் தெரு ஜலால் பாய். பூஞ்சை பிடித்த கேசட்டைத் துடைத்து ஓட்டினால், அது கீச்கீச்சென்று கத்தி, பாதியில் நின்று, முரண்டு பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவழியாகப் புலிமுகம் திரையில் வந்தது. மனுஷர் அழுதே விட்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெங்களூரில் படிக்கும் சரிதா போனில் பேசியபோது, புதுக் கம்ப்யூட்டரில் எழுதினால் இடத்துக்குப் பஞ்சமே இல்லையே என்றாள். அது அவருக்கு அழுகுணி ஆட்டமாகப் பட்டது. தோற்றது இந்தப் பெட்டி, ஜெயிக்க வேண்டியதும் இதுதான்.

மழைக்காலம் வரை எழுதினார். புலியின் உறுமல் சத்தத்தை எடுத்துவிட்டார், இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று சுருக்கினார். அப்படியும் போதவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த முகப்புதான். அதைத் தொட மனம் வராமல் சில நாள் பெட்டிப் பக்கமே போகவில்லை. பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு புலிமுகத்தை எடுத்தார், கூடவே தன் பெயரையும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் செல்வாம்பாள் ஆட உட்கார்ந்தார். வழக்கம்போல ஓரத்தில் ஓர் ஆட்டைக் காட்டினார். புலி யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் அவர் போய் ரசத்தைத் தாளித்துவிட்டு வந்துவிட்டார். வந்து பார்த்தால் புலி பாயவில்லை. ஓரடி பின்வாங்கி நின்றது. செல்வாம்பாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் புலியை அடைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. செல்வாம்பாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு எங்க?"

புலிக்கு மூளை வைக்க இடம் பற்றவில்லை, அதனால் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார் அவர்.

"பேரில்லாததுகிட்ட தோத்தேன்னு நான் ஒத்துக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். தணிகாசலத்தின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை மாதப் பாடும் வீண்தானா என்று உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் பிளாஸ்திரி கிழிபடும் சத்தம் கேட்டது. செல்வாம்பாள் ஒரு துண்டோடு வந்து, குட்டி டிவியின் திரைக்குக் கீழே வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். கடுகு டப்பாவில் இருக்கும் அதே கையெழுத்தில், நீல மையில், தணிகாசலம் என்று இருந்தது.

"இதுக்கு எடம் வேணாம்ல?" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "ம், இன்னொரு ஆட்டம் போடுங்க" என்றார்.

பிளாஸ்திரியிலிருந்த பெயரையே பார்த்துக்கொண்டு தணிகாசலம் இரண்டு முறை தப்பான எழுத்தைத் தட்டினார்.