சோமபாலவின் சுவரில் எட்டு ஸ்க்ரூ

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்று இப்பால் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார் ஸெய்னுலாப்தீன். ஊருக்கு அவர் பிரேம் நானா. கல்யாணப் படம், கஃபா படம், பட்டமளிப்புப் படம், புத்தர், முருகன், எதுவானாலும் அவர் கையால்தான் கண்ணாடி. ஆனால் கடையைத் தாங்கியது தேர்தல்கள்தான். ஆட்சி மாறினால் ஊரெல்லாம் சுவரில் ஆள் மாற வேண்டுமே! கடைக்காரர்கள் புதிய தலைவரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யார் வென்றாலும் நானா தோற்றதில்லை.

தலைவர்களை மட்டும் அவர் ஆணியில் தொங்கவிடமாட்டார். நாலு மூலையிலும் ஸ்க்ரூ இறக்கிச் சுவரோடு சேர்த்து முறுக்கிவிடுவார். "காத்துக்கு விழுந்தாலும் நாமதான் தள்ளினோம் எண்டு செல்லுவாங்க" என்பார். இந்தப் பயம் அவரிடம் முன்பு இருந்ததில்லை. 2018க்குப் பிறகு வந்தது.

அதுவரை அவர் கடை திகனயில் இருந்தது. பக்கத்துக் கடை சோமபாலவின் பேக்கரி. சிங்களவரானாலும் முஸ்லிம் கடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த சோமபாலவுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. காலையில் இவர் கடைத் தேத்தண்ணியும் அவர் கடை மீன் வைத்த மாலுபாணும் ஒன்றாகத்தான் உள்ளே போகும். 2018 மார்ச் மாதம் முஸ்லிம் கடைகளைத் தேடிக் கொளுத்திய கலவரக் கூட்டம் தெருவுக்குள் வந்தபோது நானா ஓடிப்போய் நின்ற முதல் வாசல் பேக்கரி வாசல்தான். சோமபால அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஷட்டரைக் கீழே இழுத்தார்.

நானா பின்பக்கத் தோட்டங்களுக்குள் விழுந்தடித்து ஓடித் தப்பினார். கடை தப்பவில்லை. கடை எரிந்ததைவிட அந்த ஷட்டர் இறங்கிய சத்தம்தான் அவரை அதிகம் நோகடித்தது. இனித் திகனப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு புதிய தலைவர் வந்தார். நானாவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்ட சோமபால, நானாவிடம் வேலை செய்யும் நிஸாமிடம் படத்தைக் கொடுத்தனுப்பினார். "தொழில் வேற, கோவம் வேற" என்று பெரிய மனிதர்போலச் சொன்னார் நானா. சொன்னதோடு சரி. நிஸாமைத் திகனக்கு அனுப்பும்போது, நாலுக்குப் பதிலாக எட்டு ஸ்க்ரூ, அதுவும் ஆக நீளமானது, கூடவே ஒரு டப்பா பசை கொடுத்துவிட்டார். "பூசிப்போட்டு முறுக்கு. கியாமத்து நாள் வரைக்கும் அசையப்படாது." ஆட்சி மாறும்போது சோமபால கழற்ற முடியாமல் திண்டாடட்டும்; அந்தச் சாது மனிதரால் முடிந்த பழி அவ்வளவுதான்.

"மத்த ஆம்புளையள் கோவம் வந்தா கத்தியத் தூக்குவாங்க" என்றாள் மனைவி ருக்கியா. "எனக்கு வாச்சவர் ஸ்க்ரூடிரைவரத் தூக்குறார்."

பிறகு 2022 வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. சுவரில் தலைவர் மட்டும் குறைவில்லாமல் இருந்தார். நேற்றுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த சனங்கள் மண்ணெண்ணெய் வரிசையில் பிளாஸ்டிக் கானுக்குப் பின்னால் கான் வைத்து, ஒரே குரலில் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மே மாதத்தில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்த செய்தி வந்ததும் கடைக்காரர்கள் நானாவிடம் ஓடிவந்தார்கள். மாட்டச் சொன்ன அதே வாய்கள் இப்போது கழற்றச் சொல்லின. முதல் வேலையாக நானா தன் கடைப் படத்தைக் கழற்றினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு காலை, சோமபாலவே வந்து வாசலில் நின்றார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்ததில் சட்டை நனைந்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

"நானா, படம் வருதில்ல. சுத்தியலால அடிச்சேன். சுவர்தான் உடையுது, அவர் சிரிச்சிட்டே இருக்கார்" என்றார். "பாண் வரிசையில நிக்கிற சனம் அதப் பாத்துத்தான் கத்துது. இண்டைக்குப் பின்னேரம் ஊர்வலமாம். கடைக்குக் கல்லடிப்பாங்க."

உள்ளதைச் சொல்வதென்றால் நானாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சும்மா இருந்தால் போதும். ஷட்டரைக்கூட இழுக்க வேண்டியதில்லை. ஒரு சட்டத்தை எடுத்து, அதில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ருக்கியா தேத்தண்ணியோடு வந்தாள். சோமபாலவுக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "அவர்ட கடையும் எரிஞ்சா நம்மட கடை திரும்பி வருமா? நீங்க போட்டது, நீங்கதான் கழட்டணும்."

நானா கருவிப் பையைத் தூக்கினார்.

திகனயில் அவர் கடை இருந்த இடத்தில் ஃபோன் கடை ஒன்று இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்துவிட்டார். அங்கேயே நின்றுவிட்டார். சோமபால அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கரண்ட் இல்லாததால் எல்லாம் கைவேலைதான். ஸ்டூலில் ஏறி, பசையைச் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினார் நானா. தன் வேலை இவ்வளவு உறுதியானது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கழன்ற ஸ்க்ரூவைக் கையில் வைத்துப் பார்த்தார் சோமபால.

"எல்லாருக்கும் எட்டா போடுறது?"

"இல்ல. ஒனக்கு மட்டும்தான்."

"பசையும்?"

"பசையும்."

சோமபால ஸ்க்ரூவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிதான்" என்றார்.

கடைசி ஸ்க்ரூவில் கை வைத்தபோது சந்திப் பக்கம் கோஷம் கேட்டது. சோமபால ஓடிப்போய் ஷட்டரைப் பிடித்தார். பிடித்தவர் திரும்பி நானாவைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்டைக்கு நான் பயந்துட்டேன் நானா" என்றார். "இண்டைக்கும் பயம்தான். ஆனா நீங்க இருக்கும்போது இத இழுக்க எனக்குக் கை வருதில்ல."

நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அது கிடைத்தால் என்ன பதில் சொல்வது என்று நானா ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்திருந்தார், எல்லாம் காரமான பதில்கள்.  அழுகைதான் வந்தது.

"இழு சோமே" என்றார். "இந்த முறை நான் உள்ளுக்குத்தானே ஈக்கிறேன்."

அதே சத்தத்தோடு ஷட்டர் இறங்கியது. வெளியே ஊர்வலம் தன்பாட்டில் போனது. ஒருவரும் கல்லெறியவில்லை. உள்ளே இருட்டில் இரண்டு பேரும் காலையில் எடுத்து வைத்திருந்த இனிப்புப் பணிஸைப் பிய்த்துத் தின்றார்கள். கடைசி ஸ்க்ரூவும் கழன்று தலைவர் தரையில் குப்புறக் கிடந்தார்.

சுவரிலிருந்த எட்டு ஓட்டைகளையும் தடவிப் பார்த்துவிட்டுச் சோமபால கேட்டார், "அடுத்த ஆளுக்கு எத்தின ஸ்க்ரூ நானா?"

"ஒரு ஆணி போதும். ஆள் போனா நீயே கழட்டிக்க" என்றார் நானா. "நான் தேத்தண்ணி குடிக்க மட்டும் வாறேன்."