தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சொன்ன கதை

என் அண்ணி லெய்சாவிக்குப் பொறுமை அதிகம் என்று ஊரே சொல்லும். பதினேழு வருஷமாக ஒரே வளவில் குடியிருக்கும் எனக்குத்தான் தெரியும், அது பொறுமை இல்லை, பிடிவாதம்.

வேறு தீவிலிருந்து படகேறி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். இன்றைக்கும் நண்டு பிடிக்கத் தெரியாது. அவள் கையால் கிழங்கு அரைத்து லாப்லாப் சுட்டால் பாதி கிழங்கு, பாதி சாம்பல். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரை ஒரு அதட்டல் இல்லாமல் உட்கார வைப்பாள். பக்கத்து அறையில் நான் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். என் குரல் படகுத்துறை வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்கட்டும், அதனால் என்ன?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைநகர் வீலாவிலிருந்து ஏதோ ஓர் அமைப்பு எங்கள் பள்ளிக்கு ஒரு டேப்லெட்டும், அதைச் சார்ஜ் செய்ய ஒரு சோலார் தகடும் அனுப்பியது. யாருக்கும் அதைத் தொட விருப்பமில்லை. அண்ணி எடுத்துக்கொண்டாள்.

"இருபத்தாறு பேருக்கு ஒண்ணே ஒண்ணா? மண்டை ஒடையும் அண்ணி."

"ஒருத்தன் கையில இருக்கும்போது மத்தவங்க காத்திருப்பாங்க இல்ல? அந்த நேரத்துல கதைய யோசிக்கட்டும்," என்றாள்.

பிள்ளைகள் காகிதத்தில் படம் வரைவார்கள். அதை டேப்லெட்டில் போட்டோ எடுத்து, மேலே தங்கள் குரலில் கதையைச் சொல்லிப் பதிவு செய்வார்கள். எல்லாவற்றையும் ஒட்டினால் மூன்று நிமிஷப் படம். பிறகு அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சொன்னதை நோட்டில் எழுத வேண்டும். நாள் முழுக்க ஒரு வரி எழுதாத பயல்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். என் கண்ணாலேயே பார்த்தேன். ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அந்த வகுப்பில் ரொசீனா என்று ஒரு பெண். அவள் அம்மா ஆரஞ்சு பறிக்க ஆஸ்திரேலியா போனவள். ஏழு மாதம் என்று சொல்லிப் போய், இன்னொரு ஏழு மாதம் என்று நீட்டிக்கொண்டாள். குழந்தை பெரியம்மா வீட்டில் வளர்ந்தது. வீட்டில் பேசுவாளாம். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தால் வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் ஒரு வார்த்தை இல்லை. நான் அதட்டிப் பார்த்தேன், பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது.

அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. டேப்லெட்டை அவள் மடியில் வைத்தாள். "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் உக்காந்துக்க. அந்தப் பக்கம் யாரும் வரமாட்டோம்."

மூன்று நாள் காற்றும் கோழியும்தான் பதிவாகி வந்தன. நாலாம் நாள் ஒரு குரல் வந்தது.

எங்கள் கரையில் கடல் வற்றும்போது பாறை இடுக்கில் நல்ல தண்ணீர் ஊறும். பிள்ளைக்குக் குடிநீர் தேடிக் கடலுக்குள் போன ஒருத்தி அங்கேயே கல்லாகிப் போனாள், அவள் காலடியில்தான் ஊற்று என்பது கதை. ரொசீனா அதைத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் அவள் வரைந்த பெண்ணின் முதுகில் ஒரு கூடை, கூடை நிறைய ஆரஞ்சு. அவள் கல்லாகவில்லை, நடந்துகொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை அண்ணி எனக்குப் போட்டுக் காட்டினாள். "இத அவ அம்மாவுக்கு அனுப்பணும்," என்று சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் நிலத்துக்கு இருப்பதுபோலக் கதைக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்காமல் சொல்வது, அடுத்தவன் தோட்டத்தில் கிழங்கு தோண்டுவதற்குச் சமம். ஊற்றுக் கதை படகுக்காரர் கல்மெட்டின் குடும்பத்தினுடையது. அண்ணிக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். பிள்ளை விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினோம். ரொசீனாவின் குரல் முடிந்ததும் அவள் பெரியம்மா அழுதாள். கல்மெட் எழுந்து, "இந்தக் கதையச் சொல்ல யாரு உத்தரவு கொடுத்தா?" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஊர்ப் பொதுக் கொட்டகையான நகமாலில் ஊர் கூடியது. ஊர்த் தலைவர் வழக்கப்படி அபராதம் சொன்னார்: பன்றி ஒன்று, பாய் பத்து. கதையை அழித்துவிட வேண்டும்.

என்ன கேட்பார்கள் என்று தெரிந்தே அண்ணி ஒரு பன்றியைக் கையோடு ஓட்டிவந்து வாசலில் கட்டியிருந்தாள். "பன்றிய எடுத்துக்கோங்க. பாயும் தர்றேன். அழிக்க மட்டும் மாட்டேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் வந்த கொரலு."

"உங்க தீவுல கதையெல்லாம் தெருவுல கெடக்கும் போல டீச்சர்," என்றார் கல்மெட். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சுரீரென்று வந்தது. "என் அண்ணியப் பேச எனக்கு மட்டுந்தான் உரிமை! வேற எவனும் பேசக் கூடாது!" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. "கல்மெட் அண்ணே, உங்க கதையில அந்தப் பொம்பள என்ன ஆவுறா?"

"கல்லாயிடுவா. அதானே கதை."

"இதுல கல்லாகலியே. அப்ப இது வேற கதைதானே?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் தாடியைச் சொறிந்தார். "வேற கதைன்னா சொந்தக்காரி தன் வாயால இங்க நின்னு சொல்லணும். அதான் மொறை. மெஷின் சொல்றது செல்லாது. சொல்லலேன்னா இன்னிக்கே அழிச்சிடணும்."

பெரியம்மாவோடு வந்திருந்த ரொசீனாவை எல்லோரும் பார்த்தார்கள். அது பெரியம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. போச்சு என்று நினைத்தேன். நான் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் இதெல்லாம் இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணி குழந்தையிடம் போகவில்லை, கெஞ்சவும் இல்லை. தலைவரிடம் போனாள். "எல்லாரும் கொஞ்சம் செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காருங்க."

"என்னது?"

"திரும்புங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

நகமாலில் தலைவரிடம் போய் இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் அண்ணியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். அவர் திரும்பியதும் ஊரே திரும்பியது. கல்மெட்டும் ஏதோ முனகிக்கொண்டே திரும்பினார். நூறு பேர் மூங்கில் தட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ இருமினார்கள், யாரோ அதட்டினார்கள்.

வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஒரு அம்மா தண்ணி தேடிப் போனா. கல்லாகல. கூடை கனமா இருக்கு. அதான் மெதுவா வர்றா."

கல்மெட் தட்டியைப் பார்த்தபடியே கேட்டார். "வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கதை எப்படித்தான் முடியுது?"

திரும்பிப் பார்த்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"முடியல," என்றது குரல். "அம்மா வந்ததும் சொல்றேன்."

தட்டியைப் பார்த்தபடி நான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அழுதாள்.

கல்மெட்தான் முதலில் எழுந்தார். குழந்தையின் பக்கம் திரும்பாமலேயே வாசலுக்குப் போய்ப் பன்றியை அவிழ்த்துக் கயிற்றை அண்ணி கையில் கொடுத்தார்.

"இது என் கதை இல்ல டீச்சர். பன்றிய ஓட்டிட்டுப் போயி நல்லாத் தீனி போடுங்க. இவ அம்மா வந்து எறங்குற அன்னிக்கு விருந்துக்கு அடிப்போம். முடிவு என்னான்னு கேக்க நானும் வருவேன்."