மூவர் வாங்கிய மடிப்புப் படகு

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. நான் பி.ஏ. முடித்துவிட்டு, அந்நகரில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார் ஒருவரின் கிட்டங்கி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துவந்தேன்.

அங்கே எனக்கு வாய்த்த நண்பர்கள் இருவர். ஒருவன் ‘பென் தான்’ என்ற பெரிய சந்தையருகே துணிக்கடையில் விற்பனையாளன். சிவகங்கைப் பக்கத்துக்காரன்; நல்ல பருமன். துறைமுகத்தை ஒட்டிய கால்வாய்க்கு அக்கரையில், கான் ஹோய் பகுதியில், வியட்நாமிய மனைவியோடு குடியிருந்தான். மற்றவர் காரைக்கால்காரர். தகப்பனார் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம்; அரசாங்கத்தில் நல்ல பதவி. அவரைப் பிரெஞ்சு மரியாதைப்படி ‘முசியே’ என்றுதான் அழைப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தூ டுக் பக்கத்து வாய்க்கால்களுக்கு விரால் பிடிக்கப் போவது எங்கள் வழக்கம். கரையிலிருந்தே தூண்டில் போட்டு அலுத்துப்போனதால், ஒரு படகு வாங்கலாம் என்ற யோசனை எழுந்தது. அந்த நேரத்தில் தாய்நாடு திரும்பவிருந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் தம்முடைய இரண்டு கயாக் படகுகளை விற்க முன்வந்தார். இரண்டுமே மடிப்புப் படகுகள். மரச்சட்டங்களைக் கழற்றி, ரப்பர் பூசிய கித்தானைச் சுருட்டினால் இரண்டு பைகளுக்குள் அடங்கிவிடும்; சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். ஒன்று ஒடுக்கமானது, வேகமானது. மற்றது அடி அகன்று, பக்கவாட்டில் காற்றுக் குழாய் வைத்தது, ஆமை வேகந்தான்.

ஆற்றங்கரையில் இரண்டையும் சட்டம் பூட்டி நீரில் விட்டுப் பார்த்தோம். எனக்கு ஒடுக்கமானதன்மேல் ஆசை. துணிக்கடை நண்பன் ஒப்பவில்லை.

“வேகமெல்லாம் மீனுக்கு இருக்கட்டும், பி.ஏ. எனக்கு நீச்சல் தெரியாது. கவுறாததாப் பாரு.”

“உன்னை ஏத்திக்கிட்டும் கவிழலைன்னா அது படகு இல்ல தம்பி, தீவு!” என்றார் முசியே.

நண்பன் அகலமான படகில் ஏறி நின்றான். இப்படியும் அப்படியும் சாய்ந்தான். பிறகு மீன் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு கரகாட்டக்காரியைப் போல இடுப்பை ஒடித்தான். கரையில் நின்ற வியட்நாமியப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படகு அசைந்ததே தவிர, கவிழவில்லை.

“பொண்ணு புடிச்சிருச்சு. முடிச்சிருவோம்,” என்றான்.

மூவரும் சமமாகப் பங்கு போட்டு வாங்கினோம். போர்க்காலமாகையால் ஆற்றில் படகு விடப் போலீஸ் அனுமதி வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு அது எளிதில் கிடைக்கும். எனவே முசியே பெயரில் பதிந்து, அவர் வீட்டிலேயே வைத்தோம். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. “முசியே பேருன்னா போலீஸ்காரன் சல்யூட் அடிப்பான். நம்ம பேருன்னா பையைப் பிரிச்சுக் கொட்டுவான்,” என்று நண்பனே சொன்னான்.

முதல் பயணத்துக்கு முன், த்ருவோங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலில் இரண்டு பைகளையும் வைத்துப் பூசை போட்டோம். ஊதுபத்தியோடு வரிசையில் நின்ற வியட்நாமியர்களுக்கு அது பெரிய வேடிக்கை. முசியேதான் தேங்காய் உடைத்தார். “ஆத்தா மூணு பேருக்கும் பொது. படகும் அப்படித்தான்,” என்று எங்கள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த சில மாதங்கள் என் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்றே சொல்வேன்.

அடுத்த கோடையில் நகரத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. கால்வாய்ப் பகுதியைத் தன் பிடியில் வைத்திருந்த ஆயுதக் கூட்டத்துக்கும் அரசுப் படைக்கும் மோதல். குடிசைகள் எரிந்தன; கால்வாய்ப் பாலங்கள் அடைக்கப்பட்டன. காலையில் கடைக்கு வந்திருந்த நண்பன் இக்கரையில் மாட்டிக்கொண்டான். அக்கரையில் அவன் மனைவி நிறைமாத கர்ப்பிணி, துணைக்கு யாருமில்லை. புகை அந்தத் திசையிலிருந்துதான் எழுந்தது.

இருவரும் முசியே வீட்டுக்கு ஓடினோம். அவரும் பிரான்சுக்குக் கப்பலேற இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். வீடு காலியாகக் கிடந்தது. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“முசியே, படகைக் குடுங்க. பாலத்தை அடைச்சுட்டான். அவ தனியா இருக்கா.”

அவர் கோப்பையையே பார்த்தார். “சாமானெல்லாம் நேத்தே கப்பலுக்குப் போயிடுச்சு, தம்பி.”

“படகு?”

“அதுவும் சாமானோடதான்.”

“அது மூன்று பேருடைய படகு,” என்றேன்.

“அனுமதி என் பேர்ல இருக்கு. இங்க விட்டுட்டுப் போய், நாளைக்கு எவனாவது அதுல துப்பாக்கி கடத்தினா பதில் சொல்லப்போறது யாரு? நல்லா யோசிச்சுத்தான் அனுப்பினேன்.”

கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “கான் ஹோய்த் துறையில,” என்றார்.

நண்பனின் மனைவி இருந்த அதே கரை. அவள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். நண்பன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. “பாத்தியா பி.ஏ., எனக்கு முந்தி அது அக்கரைக்குப் போயிருச்சு.”

கால்வாய்க் கரையில், சம்பான் எனப்படும் சிறு துடுப்புப் படகு வைத்திருந்த ஒரு பெண்ணிடம் கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்தான். மிகவும் ஒடுங்கிய படகு. அவளைத் தவிர இன்னும் ஒருவருக்குத்தான் இடம். “வேண்டாம், மாலைவரை பார்ப்போம்,” என்று கையைப் பிடித்தேன். “பொறக்கப்போற புள்ள மாலைவரைக்கும் பாக்குமா?” என்று உதறிவிட்டு ஏறினான்.

பாதிக் கால்வாய் தாண்டியிருப்பார்கள். அக்கரையில் துப்பாக்கிகள் வெடித்தன. யாரைக் குறிவைத்தோ தெரியாது. அவன் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், படகு புரண்டது. அந்தப் பெண் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மேலே வந்தாள். அவன் வரவில்லை.

பாலம் திறந்தபின் அவன் வீட்டுக்குப் போனேன். தெரு பாதி எரிந்திருந்தது, வீடு தப்பியிருந்தது. குழந்தை பிறந்திருந்தது, பெண் குழந்தை. விஷயம் அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. அழுது ஓய்ந்திருந்தவள், அவன் கற்றுக்கொடுத்திருந்த உடைந்த தமிழில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “ஒங்க படகு கவுறாதுன்னு சொன்னாரே?”

எங்கள் படகு கவிழவில்லை. பத்திரமாகச் சுருட்டப்பட்டு, அவள் தெரு முனையிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரிகிற ஒரு கப்பலின் அடித்தளத்தில் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? அந்த வாரமே கப்பல் புறப்பட்டது.

முசியே கொடியவர் அல்லர். தமக்கு என்ன வரும் என்று கவனமாக எண்ணிப் பார்த்தார். எங்களுக்கு என்ன வரும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. ஓர் ஆட்சி வெளியேறும்போது, தாள் வைத்திருப்பவன் எல்லாருடையதையும் தன் சாமானோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போக முடிகிறது. அது திருட்டு என்றுகூட எங்கும் பதிவாவதில்லை.

தாயகம் திரும்பிய பின் கூட்டுறவுச் சங்கம், ஊர்ப் பொதுக்காரியம் என்று பலவற்றில் பங்கெடுத்திருக்கிறேன். “இது நம்ம எல்லாருக்கும் பொது,” என்று யாராவது உற்சாகமாகச் சொல்லும்போது, “யார் பெயரில்?” என்று கேட்டுவிடுகிறேன், எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதையும் பார்க்கிறேன். அந்தக் கேள்வி தேவையே இல்லை என்று நாங்கள் மூவரும் நம்பி, நெற்றியில் குங்குமத்தோடு சிரித்து நின்ற அந்தக் காலை அத்தனை இனிமையாக இருந்ததே, அதுதான் எனக்கு இன்றுவரை கசக்கிறது.