ஐசக் அண்ணன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

கொஞ்ச நாள் முன்பு சேரன்மகாதேவியில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம், அதாவது கடவுளுக்கு நன்றி சொல்லும் கூட்டம். ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சொன்னேன். அதன்பிறகு பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார ஒருவரும் வரவில்லை.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? முழுசாகக் கேளுங்கள். தப்பு யார்மேல் என்று பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சேரன்மகாதேவியில் வயல்களைத் தாண்டி, ஆற்றுப் பக்கமாக ஒரு முதியோர் இல்லம். பாளையங்கோட்டையைச் சேர்ந்த சிலர் கமிட்டி அமைத்து, ஜெபத்தோடு ஆரம்பித்தது. நல்ல மனிதர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கிரேஸ் அத்தை அங்கேதான் இருக்கிறார். அப்பாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். யாரும் கொண்டுபோய் விடவில்லை. அவராகவே போய்ச் சேர்ந்தார். "உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அங்கன எவ்வளவோ தேவலலே" என்று என் மனைவியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனவர்.

அந்த இல்லத்தின் உயிர், மேனேஜர் ஐசக் அண்ணன். உடன்குடிக்காரர். மேனேஜர் என்பது பெயருக்குத்தான். வேன் ஓட்டுவது அவர், ஜெபம் நடத்துவது அவர், கீபோர்டு வாசிப்பது அவர், மோட்டார் ரிப்பேரானால் கிணற்றில் இறங்குவதும் அவர். யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு உப்பில்லாத கஞ்சி, யாருடைய மகன் துபாயிலிருந்து எந்தக் கிழமை பேசுவான்... எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள். "ஐசக் அண்ணன் இல்லாட்டி இந்த ஹோமே இல்ல." பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அது ஒரு எச்சரிக்கை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து அத்தையைப் பார்க்கப் போனேன். ரெண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். போனால், அத்தை வேர்வையில் நனைந்து கிடக்கிறார். "அத்தை" என்றேன். என்னைப் பார்த்து, "மணி அடிச்சாச்சா? பிள்ளைகளை வரிசையில விடுங்க" என்றார்.

பக்கத்தில் நர்ஸ் மெர்சி. விக்கிரமசிங்கபுரத்துப் பெண், அப்பா மில் தொழிலாளி. ஸ்பூனால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். "சுகர் இறங்கிட்டு சார். டீச்சருக்குப் பேச்சு குழறுது."

"எவ்வளவு இருக்குன்னு பாத்தியாம்மா? மெஷின் எங்க?"

"அண்ணன் பைக்குள்ள இருக்கு சார். பாட்டு வாசிக்க நாகர்கோவில் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருக்காவ."

"வேனை எடுக்கச் சொல்லு."

"சாவியும் அண்ணன்ட்டதான் இருக்கு."

"சரி, வழக்கமா வாற டாக்டருக்குப் போன் போடு."

"நம்பர் அண்ணன் போன்ல இருக்கு சார்..." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் போனோ அடித்து அடித்து ஓய்கிறது. மேடையில் இருக்கிறார் அல்லவா?

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். மெர்சி அத்தையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, வழியெல்லாம் கன்னத்து உள்பக்கம் சர்க்கரையைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் மட்டும் இல்லையென்றால்... வேண்டாம், அதை நினைக்கக்கூட நான் தயாராக இல்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அத்தை கண்ணைத் திறந்து, "என்னலே, சட்டையெல்லாம் கசங்கிக் கெடக்கு" என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் வேர்வை, மறுபடியும் குழறல். டியூட்டி டாக்டர், சின்ன வயதுப் பெண், நெற்றியைச் சுருக்கினார். "இவங்களுக்குப் போடுற அளவுக்கு சுகர் இப்படித் திரும்பத் திரும்ப இறங்கக் கூடாதே. வேற யாராவது இன்சுலின் போட்டாங்களா?"

"காலையில நான் மட்டும்தான் மேடம் போட்டேன்" என்றாள் மெர்சி. அவள் அறிந்த உண்மை அதுதான்.

சாயங்காலம் ஐசக் அண்ணனே கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, இத்தனை மிஸ்டு கால்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மெல்ல, "டீச்சருக்கு நான் விடியக்காலயே ஊசி போட்டுட்டுத்தானே கிளம்புனேன்..." என்றார்.

"யார்ட்ட சொன்னீங்க?"

யாரிடமும் சொல்லவில்லை. எங்கேயும் எழுதவில்லை. எழுதும் பழக்கமே அங்கே கிடையாது. அண்ணன் தலைக்குள்தான் எல்லாம் இருக்கிறதே? அத்தையும் காய்ச்சல் மயக்கத்தில், ரெண்டில் ஒன்று காய்ச்சல் ஊசியாக்கும் என்று நினைத்துக் கையை நீட்டியிருக்கிறார்.

கடவுள் புண்ணியத்தில் அத்தை பிழைத்தார். கன்வென்ஷனைப் பாதியில் விட்டு ஓடிவந்த ஐசக் அண்ணன், அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாடகம் இல்லை, நிஜமான அழுகை. அவர்மேல் அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கோபம் அடுத்த வாரம் வந்தது. கமிட்டி கூடி ரெண்டு முடிவு எடுத்தது. ஒன்று, கவனக்குறைவுக்காக மெர்சியை வேலையை விட்டு அனுப்புவது. இன்னொன்று, அத்தை பிழைத்ததற்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, அதில் ஐசக் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துவது.

படித்தது சரிதானா என்று திரும்பப் படிக்கிறீர்களா? சரிதான்.

கமிட்டித் தலைவர் தனராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அந்தப் பிள்ளைய ஏன் அனுப்பினீங்க அண்ணாச்சி?"

"போட்ட ஊசியத் திரும்பப் போட்டிருக்கா. அதுவும் உம்ம அத்தைக்கு. நீரே இப்படிக் கேக்கீரே?"

"முதல்ல போட்டதை அவகிட்ட யாரு சொன்னா?"

"ஐசக்குக்கு ஆயிரம் சோலி இருக்கும்வே. ஒண்ணு மறந்திருக்கும்."

"அப்ப மறந்தவருக்குப் பொன்னாடை. தெரியாதவளுக்கு வேலை போச்சு."

"ஐசக் ஆண்டவரோட ஊழியக்காரன்வே. அவனை மாதிரி இன்னொருத்தன் கிடைப்பானா? நர்சு ஊருக்கு நூறு கிடைப்பாவ."

அந்தக் கடைசி வரி இன்னும் என் காதில் இரைகிறது. பாங்க்கில் இருந்தவரை, இவர் ஒரு கேஷியரை நம்பி லாக்கர் சாவியைத் தனியாகக் கொடுத்திருப்பாரா? அங்கே எல்லாவற்றுக்கும் ரெண்டு பேர் கையெழுத்து. மனித உயிர் என்று வந்தால் மட்டும் விசுவாசம் போதுமா?

இந்த லட்சணத்தில்தான் என்னைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசையில் அத்தை. போனேன். "ஆண்டவர் என் அத்தையைக் காப்பாற்றினார். நம்மிடமிருந்து காப்பாற்றினார்" என்று ஆரம்பித்தேன். மெஷின், சாவி, போன் நம்பர் கதையெல்லாம் சொன்னேன். மெர்சி சர்க்கரை தடவியதையும் சொன்னேன். "இங்கே நின்று நன்றி வாங்க வேண்டியவள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள்" என்று முடித்தேன். ஆமென் சொல்ல ஆள் இல்லை.

இறங்கும்போது தனராஜ் அண்ணாச்சி காதருகே சொன்னார். "ஆண்டவர் காரியத்தையும் கம்பெனி மாதிரி நடத்தச் சொல்லுதீரா?"

ஆமாம், அண்ணாச்சி. ஒழுங்கான கம்பெனி மாதிரி நடத்தச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் நாம் படித்த பள்ளிக்கூடங்கள் இத்தனை தலைமுறையாக எப்படி நிற்கின்றன? அங்கே இருந்த ஹெட்மாஸ்டர்களின் பெயரை வரிசையாகச் சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியாது. ஆனால் யார் வந்தாலும் போனாலும் காலையில் மணி அடிக்கிறது. அந்தப் பெரியவர்கள் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். எழுந்து உட்கார்ந்து டைம்டேபிளும் போட்டார்கள். நாமோ, முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடமிருந்து போன். குரலில் பதற்றம். "உம்ம அத்தை ஊசி போட விடமாட்டேங்காவ. நீரு கொஞ்சம் சொல்லும்."

விசாரித்தால், அத்தை போராட்டம் ஆரம்பித்துவிட்டார். கட்டிலில் ஒரு அட்டை தொங்க வேண்டும். போட்டவர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "எழுதுனாத்தான் கையை நீட்டுவேன். இல்லன்னா கிட்ட வராதீங்க" என்கிறாராம். பக்கத்துக் கட்டில்காரர்களும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு முழுங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விளையாட்டா? சுகர்க்காரர், ஊசி தள்ளிப்போகக் கூடாது. ஆனாலும் சொன்னேன். "நான் சொல்லி அத்தை கேட்டதா சரித்திரமே கிடையாது. பேசாம அட்டையைத் தொங்கவிடுங்க அண்ணாச்சி."

காலைச் சாப்பாடு ஆறுவதற்குள் எல்லாக் கட்டிலிலும் அட்டை தொங்கியது. வேன் சாவி ஆபீஸ் சுவரில் ஒரு ஆணிக்கு வந்தது. மெஷின் வார்டுக்கு வந்தது. டாக்டர் நம்பர் கதவில் ஒட்டப்பட்டது. இவ்வளவுதான், சார். இதற்குத்தான் ஒரு உயிர் ஊசலாட வேண்டியிருந்தது.

ஐசக் அண்ணன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "மேடையில வச்சு இப்படிச் சொல்லிட்டீங்களே அண்ணாச்சி. ராத்திரி பகலா உழைக்கேன்."

"கடைசியா எப்ப ஊருக்குப் போனீங்க?"

யோசித்தார். நினைவு வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது என் கோபம் முழுக்கக் கமிட்டி பக்கம் திரும்பிவிட்டது. ஒரு மனிதரைத் தோளில் தூக்கி வைத்தே கொன்றுகொண்டிருக்கிறோம்... அதற்கு ஊழியம் என்று பெயர்.

ஒரு வாரம் லீவு போட்டு உடன்குடி போனார். திரும்பி வந்ததும் நேரே அத்தையிடம் போய், "என்னைத் தேடுனீங்களா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்.

"பாட்டுக்குத் தேடுனோம். மாத்திரைக்குத் தேடல" என்றாராம் அத்தை.

முதலில் அவர் முகம் சுண்டிப்போனதாம். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஊர்ல நல்லா தூங்குனேன் டீச்சர்" என்றாராம்.

மெர்சி வீட்டுக்குக் கமிட்டியிலிருந்து யாரும் போகவில்லை. ஐசக் அண்ணன் போனார். மன்னிப்புக் கேட்டு, திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அவள் திருநெல்வேலியில் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். "அங்கன யாரு என்ன ஊசி போட்டாலும் எழுதணும்ணே. நிம்மதியா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள் என்றாரே, அண்ணாச்சி இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கோயில் கமிட்டியிலோ, டிரஸ்டிலோ, சங்கத்திலோ, 'அவர் இல்லாட்டி ஒண்ணும் நடக்காது' என்கிற ஒரு நல்லவர் இருப்பார். அவரை ஒரு வாரம் லீவில் அனுப்புங்கள்... நீங்கள் நடத்துவது நிறுவனமா, வெறும் கைத்தட்டலா என்று தெரிந்துவிடும்.