பிளோறன்ஸின் சிவப்பு வேர்க் கசாயம்

ஜெர்மனியின் கொலோன் நகரத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீருக்கு நிற்கும் பெண்களிடம் பிளோறன்ஸ் அலுக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. சைக்கிளில் போன அவளுடைய தம்பி கொட்வின் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுக் கிடந்தான். அவனை எழுப்பி நடக்க வைத்தது சீன மருந்துக் கடையில் தான் வாங்கிய மூலிகைதான் என்பாள்.

"மூளைக்கு ரத்தம் ஓட வைக்கிற சிவப்பு வேர். கொத்தமல்லியும் போட்டு வத்தக் காய்ச்சிக் குடுக்கிறன்."

"எங்கட மல்லித்தண்ணிக்குள்ள சீனாவையும் இறக்கிப்போட்டியள் அக்கா," என்று கூட நிற்கும் பிறேமா சிரிப்பாள்.

பிளோறன்ஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கரண்டிகளைக்கூட அளவுவாரியாக அடுக்கி வைப்பாள். தம்பியின் குளிசைப் பெட்டியையும் நாள்வாரியாக மாத்திரை போட்டு அவளே நிரப்பினாள். காலில் இரத்தக்கட்டி வந்தபின், இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசையும் அதில் சேர்ந்திருந்தது.

எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கொட்வின் சின்னப் பையன். அவனுக்காக அவளே கையும் காலும் ஆட்டிப் பேசினாள். பிறகு அவன் பள்ளிக்கூடம் போய் டொச், அதாவது ஜெர்மன் மொழி படித்து, எல்லா இடத்திலும் அவளுக்காகப் பேசினான். அடிபட்டபின் டொச் கேட்டால் விளங்கியது, வாய்க்கு வரவில்லை. தமிழ் மட்டும் வந்தது. ஆகவே மருத்துவரைப் பார்க்கும் டெர்மின்களுக்கு அவளே கூடப்போய் மொழிபெயர்த்தாள். பழைய இடம் திரும்பக் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோசம்.

அந்த வியாழக்கிழமை மருத்துவரின் முகம் சரியில்லை. கொட்வினின் இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருந்தது, பல்முரசில், ஈறு ஓரமெல்லாம் இரத்தக் கசிவு. ட்ராம் பணிமனையில் மின்வேலைக்கு அவன் திரும்பலாமா என்று அன்றுதான் அந்த மருத்துவர் அம்மா முடிவு சொல்வதாக இருந்தது.

"குளிசையைத் தவிர வேறு ஏதும் எடுக்கிறாரா?"

பிளோறன்ஸ் தம்பியைக் கேட்டாள்.

"ஓம், நீங்கள் தாற கசாயம். சொல்லுங்கோ அக்கா."

கசாயம் என்றால் இந்த வெள்ளைக்காரி எங்களைப் பற்றி என்ன நினைப்பாள்? கோயிலில் சொல்லித் திரிந்ததெல்லாம் என்னாவது?

"ஒன்றும் எடுப்பதில்லையாம்," என்று டொச்சில் சொன்னாள்.

"அப்படியென்றால் மறதியில் குளிசையை இரண்டு தரம் விழுங்குகிறார் போல. இந்த நிலையில் மின்கம்பிகளோடு வேலை செய்ய விட முடியாது."

பெட்டியை நிரப்புகிறவள் அவள். அவன் ஒரு குளிசைகூடப் பிழையாக எடுத்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கொட்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மருத்துவரின் பக்கம் திரும்பினான். உதடுகள் துடித்தன, கழுத்து வேர்த்தது. "தேநீர்," என்றான் டொச்சில். "சீன... அக்கா... ஒவ்வொரு நாளும்."

மருத்துவர் பிளோறன்ஸைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏசவில்லை. அந்த வேர் குளிசையின் வேகத்தைக் கூட்டும், தலைக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கலாம், இன்றோடு நிறுத்துங்கள், இரத்தம் சரியானபின் வேலையைப் பற்றிப் பேசலாம் என்றார். "நான் கேட்டபோது ஏன் மறைத்தீர்கள்?" என்றும் கேட்டார். பிளோறன்ஸ் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் தரிப்பில், "உனக்கு நல்லதெண்டுதான் தம்பி..." என்று தொடங்கினாள்.

"தெரியும் அக்கா." அவன் தூரத்தில் வருகிற பஸ்ஸைப் பார்த்தான். "அடுத்த டெர்மினுக்கு நீங்கள் உள்ளுக்கு வரவேண்டாம். வெளியில இருங்கோ. நான் மெல்ல மெல்லச் சொல்லுவன்."

ஞாயிறு பூசைக்குப் பிறகு அவள் தேநீருக்கு நிற்கவில்லை. பிறேமாவிடம் மட்டும், "அந்த வேரை ஆருக்கும் சொல்லிப்போடாத," என்றாள். ஏனென்று பிறேமா கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அடுத்த வியாழன், தம்பியின் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தாள். கதவுக்கு அப்பால் அவன் குரல் ஒரு சொல்லில் தட்டுப்பட்டு நெடுநேரம் நின்றது. அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். பாதி எழுந்தவள், மறுபடியும் உட்கார்ந்தாள்.