நாலு பேருக்கு ஒரு வீடு

இருளாயிக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் நாங்கள் எவனெவன் வீட்டு அடுப்படியிலோ கிடந்திருப்போம்.

1926 கடைசியில் பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் கடல்கட்டு உடைந்து, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தது. புருஷன்மாரை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வந்து நின்றோம்: இருளாயி, காளியம்மா, நவமணி, வீரம்மாவாகிய நான். அங்கே கொப்பரை வெட்டிய கைகள். ரப்பர் மரத்தைத் தொட்டதுகூட இல்லை.

முதல் நாளே மானம் போயிற்று. பட்டையை மட்டும் மெல்லச் சீவ வேண்டிய இடத்தில் இருளாயி ஓங்கி வெட்டினாள். கத்தி கட்டைவரை இறங்கிவிட்டது. அவளைப் பார்த்து நாங்களும் வெட்டினோம். அடப்பாவமே, நாலு மரம் காயம்!

கங்காணி அப்பாவு குதித்தார். "தேங்காயா இது? மரத்தக் கொன்னுட்டீங்களே லா! ஒங்களுக்குத் தனி வீடு கெடையாது. ஆளுக்கொரு ஒண்டிக்கட்டை வீட்டுல விட்டுர்றேன். சோறாக்கிப் போட்டுக்கிட்டு கெடங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. நவமணிக்குப் பத்தொன்பது வயதுதான்.

அதே மழையில் இந்தத் தோட்டத்து ஆறும் பொங்கி, மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களை அடித்துக்கொண்டு போயிருந்தது. புது மங்கு வர மாதமாகும் என்று, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கார்த்திகேசு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இருளாயி நேரே அவரிடம் போனாள்.

"செமோர் எண்ணெய் ஆலையில செரட்டைய அடுப்புல போட்டு எரிக்கிறாங்க அய்யா. அவங்களுக்கு நாங்க காய் பொளந்து குடுக்குறோம். பருப்பு அவங்களுக்கு, செரட்டை ஒங்க மங்குக்குப் பதிலா. எங்க நாலு பேருக்கும் ஒரே வீடு குடுங்க."

கிராணி நம்பவில்லை. அவர் கண்முன்னே ஒரு காயை இடது கையில் ஏந்தி, பாராங் கத்தியால் நடுவில் ஒரே போடு போட்டாள். பிசிறில்லாமல் இரண்டு பாதி. பருப்பைத் தோண்டிவிட்டுச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பத்து நாள் எங்கள் கை ஓயவில்லை. மரத்துக்கு மரம் சிரட்டை ஏறியது. அப்பாவுவே சிரட்டைச் சாக்கு தூக்கினார்.

பதினோராம் நாள் எங்களுக்கு வீடு எழுத, கிராணி லயத்துப் பதிவேட்டை எடுத்தார். அதில் வீட்டுக்கு ஓர் ஆண் பெயர் வேண்டும். பெண்கள் அதற்குக் கீழேதான்.

"வீட்டுக்காரன்ரை பேர்?"

"இருளாயி."

"ஆம்பிளைப் பேர் கேக்கிறன், பிள்ளை."

"காயப் பொளந்தது ஆம்பளையா அய்யா? இருளாயின்னு எழுதுங்க."

கிராணி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்க, அவர் ஏட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்: "இருளாயி வீட்டு வீரம்மா!"

தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி, "இருக்கேன் அய்யா!" என்று கத்தினேன்.