தேய்த்துக் கழுவிய சல்லடை

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் பக்கத்துத் தீவிலுள்ள ஹட் பேக்குப் போகும் கப்பலுக்காக நின்றிருந்தபோது கல்லூரி ஆய்வக உதவியாளர் போன் செய்தார். "சார், நம்ம பாக்கியம் மேடம் போயிட்டாங்க. ராத்திரி ஏக்தம் நல்லாத்தான் இருந்தாங்களாம். காலையில நெஞ்சு வலி."

அழுகைக்கு முன் எனக்கு வந்த எண்ணம், இனித் துறையில் நான்தான் முதல் என்பது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத மனம் வரவில்லை.

நாங்கள் ஒரே ஆண்டில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். அவர் ஹட் பே எண்ணெய்ப் பனைத் தோட்டத் தொழிலாளியின் மகள். நான் மதுரையிலிருந்து முனைவர் பட்டத்தோடு வந்தவன். அலையாத்திச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, உணவைச் செரிக்கும்போது அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளும். கம்பி இணைத்தால் மின்சாரம். இருவருக்கும் அதுதான் ஆராய்ச்சி. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய விலையுயர்ந்த மின்முனைக்காக நான் காத்திருந்தேன். அவர் கடைத்தெருவில் எவர்சில்வர் மாவுச் சல்லடைகள் வாங்கி, வலையை வெட்டி, ஜாடிகளில் நிரப்பிய சேற்றில் புதைத்தார். சில வாரங்களில் அவருடைய நான்கு ஜாடிகள் சேர்ந்து ஒரு சின்ன டிஜிட்டல் கடிகாரத்தை ஓட்டின. என் மின்முனை வந்த பிறகும் என் ஜாடிகளால் அது முடியவில்லை.

வெளியூர்ப் பார்வையாளர்கள் வரவிருந்த காலை, நான் அவருடைய வலைகளை வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். வழவழவென்று படிந்திருந்த அந்தப் படலம்தான் பாக்டீரியா என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து அவர் கேட்டார். "யார் சார் தேய்ச்சது?"

"அழுக்கா இருந்துச்சு. ஆளுங்க வர்றாங்களேன்னு நான்தான்…"

கழுவிய வலையை விரலால் தடவிப் பார்த்தார். "டீக் ஹை. உங்க ஜாடியக் காட்டுவோம், சலோ."

காட்டினார். என் மீட்டரில் தெரிந்த சின்ன எண்ணைப் பெருமையாக விளக்கினார். பாராட்டு எனக்குக் கிடைத்தது. பிறகு வலைகளைத் திரும்பப் புதைத்தபடி, "சேத்துக்கு அவசரமே இல்ல சார், நமக்குத்தான்" என்றார். அடுத்த மாதம் கடிகாரம் ஓடியது. அதற்குள் என் பொறாமை கடிகாரத்தை விட்டுவிட்டது. அவர் இடத்தில் இருந்தால் என்னால் அப்படி நடந்திருக்க முடியாது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதினோரு வருடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன் வந்த அன்று கப்பலை விட்டுவிட்டு லம்பா லைனில் அவர் வீட்டுக்குப் போனேன். கூட்டம் கலைந்ததும் அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். அன்னைக்கே சொன்னா. அவரு ஒருநாள் தானா வந்து சொல்வாரு, அப்ப நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்கன்னா."

இந்த முறையும் என்னை முந்திவிட்டாரே என்றுதான் தோன்றியது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமைதான். துறையில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யார் மீதும் எனக்கு அது வருவதில்லை.